உள்ளே மாட்டிய ஜன்னல், வெளியே மாட்டிய ஜன்னல்

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம் எங்கள் கட்டட இலாகாவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். எங்கேயோ எழும்பப் போகும் ஓர் ஆபீசுக்கு மூன்று பக்கமும் கண்ணாடி வைக்கிறார்களாம். உள்ளே ஏசி வைத்துவிட்டால் வெயில் என்ன சார் செய்துவிடும் என்று கேட்டார்கள். வெயில் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்டது அது ஒன்றைத்தான். அதையும் ஒரு கட்டடத்தைக் கெடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர்களுக்குச் சொன்னதை எழுத்தில் கொடுத்தால் இலாகா ஊழியர் சங்க மலரில் இரண்டு பக்கம் நிரம்பும் என்றார்கள். நிரப்புகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் படித்து ஓவர்சியர் ஆனேன். சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைகிறது என்பதை வரைபடம் போட்டு நிரூபித்ததற்கு எனக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். முதல் வேலை முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். சுவர் எழும்பிக் கூரை வருவதற்குள் ஊர் ஆடுகள் வந்துவிட்டன. காலையில் சுவருக்கு மேற்கே படுத்திருக்கும். உச்சி திரும்பியதும் ஒன்றுகூடத் தவறாமல் எழுந்து கிழக்கே போய்ப் படுக்கும். அவற்றைக் கம்பெடுத்து விரட்டுவதை என் கடமைகளில் ஒன்றாக நினைத்திருந்தேன். பரீட்சை எழுதாமலே அவை தேறியிருந்தன என்பது எனக்கு உறைக்க இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த இரண்டு வருஷம் கழித்துத் தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்கு மாற்றினார்கள். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் கட்டியது இன்னும் அங்கே நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் என்னைப் பற்றி விசாரிப்பார்கள். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த நேரம். மின்சாரக் கம்பங்கள் ஊருக்குள் வந்து நின்றன, மின்சாரம் வரவில்லை.

ஒரு மரைக்காயர் வீட்டின் முன்னறை வாடகைக்குக் கிடைத்தது. மரைக்காயர் பாதி வருஷம் கொழும்பில் இருப்பார். வீட்டை ஆண்டது அவர் மனைவி பாத்திமா அம்மாள். மூன்று வருஷம் அங்கே குடியிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததில்லை. உள்கதவுக்குப் பின்னாலிருந்து வரும் குரல்தான் எனக்குப் பழக்கம். என் அறை ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் பர்மாத் தேக்கில் கதவுகள். மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்த பட்டைப் பலகைகள். இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. நான் வாசிக்கிற பழக்கமுள்ளவன். காலையில் அதைத் திறந்து வைத்துப் புத்தகத்தை விரிப்பேன். "தம்பி, கெழக்குச் சன்னலச் சாத்துங்க, வெயிலு வந்துரும்" என்று குரல் வரும். வெயில் வந்தால் வரட்டுமே, வெளிச்சம்தானே என்று நினைத்துக்கொண்டே சாத்துவேன். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார்கள் என்று எனக்கு நானே விளக்கமும் கொடுத்துக்கொண்டேன். படித்தவன் என்பதால் எதற்கும் ஒரு விளக்கம் கைவசம் இருக்கும்.

அந்த ஊருக்கு அரசாங்கம் ஒரு பிரசவ வார்டு கொடுத்தது. மாதிரி வரைபடம் சென்னையிலிருந்து வந்தது. எட்டுக் கட்டில், எட்டு ஜன்னல், ஜன்னலுக்கு இரண்டு கதவாகப் பதினாறு கண்ணாடிக் கதவுகள், வெளிப்பக்கம் திறக்கும். மனை வடக்கு தெற்காக நீண்டிருந்ததால் வார்டையும் அப்படியே நீளவாக்கில் வைத்தேன்: நாலு ஜன்னல் கிழக்கே, நாலு ஜன்னல் மேற்கே. அதைவிட மோசமான ஒரு திசையை வேண்டுமென்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. திறப்பு விழாவில் கண்ணாடி பளபளத்தது. நான் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

வார்டுக்கு நர்ஸாக வந்தவர் சிசிலி. இராமேஸ்வரம் தீவில் மீன்பிடிக் குடும்பம், முப்பது வயதிருக்கும். பிரசவத்துக்கு வீட்டை விட்டு வெளியே வராத ஊரில், குடிசை குடிசையாகப் போய்ப் பேசிப் பேசி அந்த எட்டுக் கட்டிலையும் நிரப்பினார். மாசி முடியும்வரை தொந்தரவில்லை. பங்குனியில் அவரிடமிருந்து முதல் கடிதம் வந்தது. வார்டில் பிற்பகல் இருக்க முடியவில்லை, தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். நான் அதை மேலே அனுப்பினேன். மேலே என்றால் அசிஸ்டண்ட் இன்ஜினியர் பஞ்சநாதன்.

பஞ்சநாதனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "அளந்தீரா?" மழை பெய்தது என்று சொன்னாலும் அதே கேள்வி. இரண்டு முனையும் சீவிய பென்சில் ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். இராமநாதபுரத்திலிருந்து ஜீப்பில் வந்தவர் வார்டுக்குள் நாற்காலி போடச் சொல்லி, மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து கோட்டுக்கு வந்தது. நாலு மணிக்கு எழுந்து, "அம்மா சொல்றது சரி" என்றார். சிசிலி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் தரையில் உட்கார்ந்து வரைந்த படத்தை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடியும். மரக் கதவு, பட்டை மூன்று விரல் அகலம், பட்டைக்குப் பட்டை எவ்வளவு சாய்வு, மேல் பட்டையின் கீழ்விளிம்பு கீழ்ப் பட்டையின் மேல்விளிம்பை எவ்வளவு மூடவேண்டும் என்று, வெயில் விழும் கோணத்தைக் கணக்கிட்டு, ஒரு கோடுகூட அழிக்காமல் வரைந்தார். அதிலே ஒரே ஒரு சிக்கல். கட்டடத்துக்கு வெளிப்பக்கம் எதை மாட்டினாலும் அது கட்டடத்தில் செய்யும் மாற்றம். சென்னையிலிருந்து ஒப்புதல் வர வேண்டும். வரும்போது அடுத்த கார்த்திகை ஆகிவிடும். உள்பக்கம் மாட்டினால் அது நாற்காலி, பெஞ்சு மாதிரி தளவாடச் சாமான். அவரே கையெழுத்துப் போடலாம். "உள்ளேயே மாட்டிடுவோம்" என்றார். எங்கள் இலாகாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அது. அவருடைய சாமர்த்தியத்தை நினைத்து இரண்டு நாள் பூரித்துப் போயிருந்தேன்.

வத்தைப் படகு கட்டும் கருப்பையா ஆசாரி கதவுகளைச் செய்தார். நிலைச்சட்டத்தின் உள்பக்கமும் பள்ளம் வெட்டி, கண்ணாடிக்குப் பின்னால் பதினாறு மரக் கதவுகளை மாட்டினார். மாட்டும்போது, "ஏன் சாமி, மழைக்கு ஓலையக் குடிசைக்கு உள்ளயா வேயிறது?" என்று கேட்டார். மேலிடத்து உத்தரவு என்றேன். அவர் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

பலன் தெரிய வேண்டுமல்லவா? படம் வரைந்த அன்றே பஞ்சநாதன் என்னிடம் மரப்பெட்டியில் வைத்த ஒரு வெப்பமானியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காலை ஏழு, உச்சி பன்னிரண்டு, பிற்பகல் மூன்று. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், சுவரில் படாமல், கை படாமல், கால் மணி நேரம் வைத்துப் பார்த்து எழுத வேண்டும். வாரம் ஒருமுறை அனுப்ப வேண்டும். எழுதினேன். கதவு மாட்டுவதற்கு முன் பிற்பகலில் நூற்று மூன்று டிகிரி பாரன்ஹீட். மாட்டிய பின் நூற்று இரண்டு. இருட்டாகவும் இருந்தது, சூடாகவும் இருந்தது. முன்பு வெளிச்சமாவது இருந்தது என்றார் சிசிலி. மரக் கதவை உள்ளிருந்து தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது.

சித்திரை பாதியில் அந்தோணியம்மாள் வந்தாள். வடக்கே ஒரு குப்பத்துக்காரி. முதல் இரண்டு பிள்ளைகளும் வீட்டிலேயே பிறந்து, ஒரு வாரத்துக்குள் போய்விட்டவை. மூன்றாவதையாவது ஆஸ்பத்திரியில் பெறு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சிசிலி மூன்று மாதம் அலைந்து வாங்கிய சம்மதம். பிள்ளை எட்டாம் மாதமே பிறந்துவிட்டது. ஏழு மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதத்துப் பிள்ளை தக்காது என்று அந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை. அந்தோணியம்மாளுக்கு ரத்தப்போக்கு; எழுந்து உட்காரக்கூடாது. படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாளாம்: "எட்டு தக்காதுன்னு எங்க மாமியா அப்பவே சொல்லுச்சு."

நான் பன்னிரண்டு மணி அளவு எடுக்கப் போனபோது பிள்ளையைப் பார்த்தேன். ஒரு முழங்கைக்குள் அடங்கிவிடும் உருவம். சிசிலி பஞ்சில் பாலை நனைத்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். அது கடைவாயில் வழிந்தது. காலையில் விழுங்கியது, இப்போது விழுங்கவில்லை. உடம்பு கொதிக்கிறது என்றார். காய்ச்சலா என்று கேட்டேன்.

"புள்ளைக்குக் காச்சல் இல்ல ஓவர்சியர் சார். ரூமுக்குத்தான் காச்சல். புள்ள அத எடுத்துக்கிருது. பெரிய ஆளுன்னா வேர்த்துத் தணிச்சுக்கிரும். இதுக்கு வேர்க்கவும் தெரியல."

வேறு எங்கேயாவது கொண்டுபோக முடியாதா என்று கேட்டேன். வராந்தாவில் அனல் காற்று. தாயை அசைக்கக்கூடாது, தாயை விட்டால் பாலில்லை. இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. வெப்பமானியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அறைக்குப் போனேன்.

மேஜைமேல் பெட்டியைத் திறந்து வைத்தது ஏன் என்று எனக்கே தெரியாது. சாப்பிட்டேன். எழுந்து வந்து பார்த்தால் தொண்ணூற்றொன்று. கண்ணாடிக் குழாயைத் தட்டினேன். உடைந்துவிட்டதோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மூன்றடி உயரத்தில், சுவரில் படாமல், முறைப்படி மறுபடி வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தேன். தொண்ணூற்றொன்று. வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் வைத்தேன். நூறு. உள்ளே கொண்டுவந்தேன். மெல்ல மெல்ல இறங்கித் தொண்ணூற்றொன்றில் நின்றது.

இரண்டு வருஷமாக அந்த அறையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஊரே தகிக்கும் சித்திரை வெயிலுக்கு நடுவில், நாலு சுவருக்குள் ஒரு துண்டுக் காலைப்பொழுதை யாரோ வெட்டியெடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குள் உட்கார்ந்துகொண்டு, வாசிக்க வெளிச்சம் போதவில்லை என்று குறைப்பட்டிருக்கிறேன்.

உள்கதவுப் பக்கம் போய், "அம்மா, இந்த ஜன்னலுக்கு என்ன செய்றீங்க?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. பாத்திமா அம்மாள் ஓர் அரசாங்க உத்தியோகஸ்தன் இதைக் கேட்கிறானே என்று கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். பிறகு சொன்னார். விடியற்காலைத் தொழுகை அழைப்பான சுபுஹு பாங்குக்கு எல்லாவற்றையும் திறப்பார். வெயில் வாசற்படியைத் தொடுவதற்குள் கிழக்கைச் சாத்திவிடுவார். உச்சி லுஹருக்கு முன் வீடு முழுக்கச் சாத்தியாகிவிடும், உள்கதவு வெளிக்கதவு இரண்டும். பிற்பகல் அசருக்குக் கிழக்கு மட்டும் திறக்கும். பொழுது சாய்ந்து மஃரிபுக்கு மேற்கு. அவ்வளவுதான். எங்கள் வார்டிலும் மரக் கதவு போட்டோமே, பலனில்லையே என்றேன். எங்கே போட்டீர்கள் என்றார். கண்ணாடிக்கு உள்ளே என்றேன்.

"கள்ளன உள்ள விட்டுட்டுக் கதவச் சாத்துனா, அவன் எப்படித் தம்பி வெளிய போவான்?"

இதைவிடச் சுருக்கமாக வெப்பப் பாடத்தை எனக்கு யாரும் நடத்தியதில்லை. கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே வந்த பிறகு மரத்தைக் காட்டி என்ன பயன்? மரம் சூடாகி அறையைச் சூடாக்குகிறது. நின்ற இடத்திலேயே வெட்கத்தில் எனக்கு வேர்த்தது. தொண்ணூற்றொன்றில் அது சுலபமல்ல.

ஆசாரியைத் தேடிப் போனேன். வத்தையின் அடியில் படுத்திருந்தவர் தலையை மட்டும் நீட்டினார். நாளைக் காலை உள்ளே இருப்பதை வெளியே மாட்டி, வெளியே இருப்பதை உள்ளே மாட்ட வேண்டும் என்றேன். உத்தரவு வந்துவிட்டதா என்று கேட்டார். வரவில்லை என்றேன். "அப்பச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்தார்.

ஒப்புதலில்லாமல் அரசாங்கக் கட்டடத்தில் கைவைத்தால் வேலை போகும். அது எனக்கு மனப்பாடம். என்னை வீரன் என்று நினைத்துவிட வேண்டாம். அன்றைக்கு வழியெல்லாம் மன்னிப்புக் கடிதத்தின் முதல் வரியைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். வார்டில் சிசிலியிடம் விஷயத்தைச் சொன்னேன். என் அறையைக் காலி செய்து தருகிறேன், பிள்ளையையும் தாயையும் மெதுவாக அங்கே கொண்டுபோகலாமே என்று கோழைத்தனமாக ஒரு மாற்று யோசனையும் வைத்தேன்.

"இங்கன இன்னும் அஞ்சு பேரு கெடக்காங்க சார். எல்லாரையும் உங்க மேஜை மேல படுக்க வைப்பீங்களா?" என்றார் அவர். பிறகு, குரலைத் தணித்து, "நாளைக்கு எத்தன மணிக்கு வாரீங்க?" என்று கேட்டார்.

விடிந்ததும் தொடங்கினோம். ஆசாரியும் அவர் தம்பிகள் இருவரும். முதலில் கிழக்கு. கீல் திருகாணிகளைக் கழற்றுவது, கண்ணாடிக் கதவைத் தாங்கி உள்ளே தருவது, மரக் கதவை வெளியே வாங்குவது, பழைய துளைகளில் மூங்கில் சிம்பு அடித்து மறுபடி திருகுவது. நிலையில் இரண்டு பக்கமும் பள்ளம் இருந்ததால் எதையும் புதிதாக வெட்ட வேண்டியிருக்கவில்லை. கட்டில்களில் இருந்தவர்கள் சேலையால் மறைப்புக் கட்டிக்கொண்டு, நாங்கள் செய்வதைப் பற்றி எங்கள் காதுபடவே அபிப்பிராயம் சொன்னார்கள். ஒரு கண்ணாடி உடைந்தது. ஒண்ணு கொறஞ்சுச்சு என்றார் சிசிலி. வெயில் உச்சிக்கு வருமுன் மேற்கில் கடைசிக் கதவும் ஏறியது. பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொல்லத் தொடங்கியது. சிசிலி சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, எட்டு ஜன்னலையும் வரிசையாகச் சாத்திக்கொண்டே போனார். வெளியே மரம், உள்ளே கண்ணாடி, நடுவில் நாலு விரல் காற்று.

மூன்று மணிக்கு வெப்பமானியை வைத்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அந்த விதியை மீறவும் எனக்குத் தைரியம் வரவில்லை, பார்க்கப் பயந்தேன். பார்த்தபோது தொண்ணூற்று நாலு.

பட்டை இடுக்குகளில் நுழைந்த வெளிச்சம் தரையில் மெல்லிய கோடுகளாகக் கிடந்தது. வெளியே தார் உருகும் வெயில். அரை விரல் மரத்துக்கு இந்தப் பக்கம் அதற்கு அதிகாரமில்லை. உலகத்தில் பெரிய அணைகளையும் கோபுரங்களையும் பிறகு பார்த்திருக்கிறேன். அந்தப் பிற்பகல் அந்த இருட்டில் நின்றதுபோல் வாயடைத்து நின்றதில்லை. மூலையில் சிசிலி குனிந்து பஞ்சைப் பிழிந்தார். நிமிரவேயில்லை. வெகு நேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல், "முழுங்கிருச்சு" என்றார். அடுத்த சொட்டு விட்டார். "முழுங்குது."

நான் மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. வழக்கம்போல அளவுகளை மட்டும் எழுதி அனுப்பினேன். நூற்று இரண்டு என்று வந்துகொண்டிருந்த இடத்தில் தொண்ணூற்று நாலு. இரண்டு நாளில் பஞ்சநாதனின் ஜீப் வந்து நின்றது. கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்து, இன்னொரு வெப்பமானியோடு வந்திருந்தார். வெளியே நின்று மரக் கதவுகளைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு கருவிகளையும் அருகருகே வைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்தார். இரண்டும் ஒன்றையே சொல்லின. அதற்குப் பிறகும் அவர் எழவில்லை. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அந்தக் கோடுகளைப் பார்த்தபடி இருந்தார். யார் செய்தது என்று கேட்டபோது நான் முன்னால் போய் நின்றேன். வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். ஊருக்குப் போகும் பஸ் நேரம்கூட மனதில் ஓடியது.

அவர் தளவாடச் சாமான் பதிவேட்டைக் கேட்டார். பென்சிலை எடுத்தார். மரக் கதவு பதினாறு என்ற வரியை அடித்தார். அதற்குக் கீழே, கண்ணாடிக் கதவு பதினைந்து, உடைந்தது ஒன்று என்று எழுதினார்.

"உள்ளே இருக்கிறது தளவாடம். வெளியே இருக்கிறது கட்டடம். கட்டடத்துக்கு எட்டு ஜன்னல் அனுமதி, எட்டு ஜன்னல் இருக்கு. நீர் எதையும் மாத்தலை" என்றார். அப்புறம் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு, "உள்ளே மாட்டச் சொன்னது நான்தான். அதை எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. உம்மகிட்டச் சொல்லி வைக்கிறேன்" என்றார்.

ஒரு மேலதிகாரி தன் தவறைத் தன் கீழ் வேலை பார்ப்பவனிடம் சொன்னதை நான் என் உத்தியோகத்தில் கேட்டது அந்த ஒரு முறைதான். பதிவேட்டை மூடினேன்.

வைகாசி பாதி கழிந்து, வெயில் தணியத் தொடங்கிய பிறகுதான் அந்தோணியம்மாளை எழுந்து நடக்க விட்டார்கள். அதுவரை பிள்ளை, பாங்குக்குப் பாங்கு மற்ற ஜன்னல்கள் திறந்து மூட, தன் பக்கத்து ஜன்னல் மட்டும் எப்போதும் சாத்தியே இருந்த அந்த இருட்டு மூலையில்தான் வளர்ந்தது. வீட்டுக்குப் போகிற அன்று காலையில் நான் ஏழு மணி அளவு எடுக்கப் போயிருந்தேன். அவள் புருஷன் ஒரு மீன்கூடையில் பழந்துணி விரித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். அவள் பிள்ளையை ஏந்தி வராந்தாவுக்கு வந்து, இளவெயிலில் மேல் துணியை விலக்கினாள். விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன தாயி?" என்றார் சிசிலி.

"இத்தன நாளும் பகல்ல பட்டை பட்டையாத்தான் பாத்தேன். சாயந்தரம் அரிக்கேன் வெளிச்சம். முழுசா இப்பத்தான் பாக்குறேன்க்கா." விரலால் நெற்றியைத் தொட்டாள், மூக்கைத் தொட்டாள், ஒவ்வொரு கையாக விரித்துப் பார்த்தாள். பிள்ளை வெளிச்சம் பொறுக்காமல் முகத்தைச் சுளித்துக் கத்தியது.

"நல்லாக் கருப்பு" என்று புருஷனிடம் சொன்னாள், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "உன்னய மாதிரியே, அட்டக் கருப்பு."

அவன் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வந்தான்.